அளவாய்க் குடிப்பதா, அடியோடு விடுவதா?

வந்தனைக்குரிய மாட் டால்பட் சரித்திரம்



குடிக்கு அடிமைப்பட்டு, அதிலிருந்து மீள மனம் வைக்கிற மனிதன் முதன்முதல் கேட்கிற கேள்வி ஒன்றுண்டு. அடியோடு விட்டுத்தான் ஆகவேண்டுமா? அளவோடு நிறுத்திக்கொண்டால் போதாதா? இப்படிக் கேட்கிறவன் வேதாகமத்தையே சாட்சிக்கு அழைப்பதுமுண்டு. கானாவூர்க் கலியாணத்தில் நமதாண்டவர் தண்ணீரைத் திராட்சரசமாக்கினார். அர்ச். சின்னப்பர் தம் சீஷனாகிய தீமோத்தேயுவுக்கு, வயிற்று நோவை முன்னிட்டுச் சிறிது திராட்சரசம் அருந்தும்படி எழுதினார். திவ்விய பலிபூசையிலும் திராட்சரசம் உபயோகிக்கப்படுகிறது. ஆகையால் மது பாவமல்ல, மிதமிஞ்சுவதே பாவம் என்பது அவன் வாதம்.

வாதத்தில் பிழையில்லை. திருச்சபை ஒருநாளும் திராட்சரசத்தைத் தீயபொருள் என்று போதித்ததில்லை. போசனப்பிரியம் என்னும் தலையான பாவத்துக்கு எதிரான புண்ணியம் மட்டசனம் என்று ஞானோபதேசத்தில் நாம் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். மட்டாய் உண்பதும் மட்டாய்ப் பருகுவதுமே மட்டசனம். ஆனால் அந்த மட்டு எல்லோருக்கும் ஒன்றுதானா? ஒருவனுக்கு ஒரு கோப்பை மட்டு என்றால், வேறொருவனுக்கு ஒன்றுமில்லாமையே மட்டாக இருக்கக் கூடாதா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை சொன்னவர் அயர்லாந்து தேசத்து ஏழைத் தொழிலாளி ஒருவர். அவருடைய சரித்திரத்தை இவ்வாரம் சிந்திப்போம்.

மதுவின் நடுவே வளர்ந்த பிள்ளை

மத்தேயு டால்பட் 1856-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி டப்ளின் நகரத்தில் பிறந்தார். எல்லோரும் அவரை மாட் என்றே அழைத்தார்கள். தகப்பனார் சார்ல்ஸ், தாயார் எலிசபெத். பிள்ளைகள் பன்னிருவரில் இவர் இரண்டாமவர். தகப்பனார் துறைமுகத்தில் வேலை செய்தார். அவருக்கும் குடிப்பழக்கம் இருந்தது. மூத்த மகனைத் தவிர மற்ற ஆண்மக்கள் எல்லோரும் அதே வழியில் போனார்கள்.

மாட் கிறீஸ்தவ சகோதரர்களின் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கே அவர் படித்தது சொற்பம். மட்டம் போட்டதே அதிகம். பள்ளியின் பதிவேட்டிலும் அவர் மட்டம் போடுகிறவர் என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய பன்னிரண்டு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, கறுப்பு பீரைப் புட்டிகளில் அடைத்து விற்கும் ஒரு வியாபார ஸ்தலத்தில் வேலைக்குப் போனார். சீக்கிரத்திலேயே பையன் வெறித்து வீட்டுக்கு வரத் தொடங்கினான். தகப்பனார் அவனைக் கண்டித்துத் தாம் வேலை செய்த துறைமுகப் பண்டகசாலைக்கே அழைத்துக்கொண்டு போனார். அங்கே இருந்ததோ விஸ்கி. பீரில் பழகிய நாக்கு அங்கே விஸ்கியைக் கற்றுக்கொண்டது.

பின்பு அவர் கட்டட வேலையில் சித்தாள் ஆனார். செங்கல்லும் சாந்தும் சுமந்து கொத்தனாருக்குக் கொடுப்பது தொழில். நல்ல உழைப்பாளி என்று பெயரெடுத்தவர்தான். ஆனால் சனிக்கிழமை வாங்கிய கூலி மதுக்கடையைத் தாண்டி வீட்டுக்கு வருவது அபூர்வம். கையில் காசில்லாதபோது காலில் கிடந்த பூட்சுகளையும் விற்றுக் குடித்தார். ஒருமுறை தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழைப் பாடகனின் பிடிலைத் தோழர்களோடு சேர்ந்து களவாடி விற்றுக் குடித்தார். அந்த ஏழையின் பிழைப்பே அதுதான். பிற்காலத்தில் மாட் அவனை ஊரெல்லாம் தேடியும் கண்டுபிடிக்க முடியாமல், அவனுக்காகப் பூசை செய்விக்கப் பணம் கொடுத்தார். பழைய பாவங்களுள் இது அவர் மனதை நெடுங்காலம் அறுத்துக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் அவர் ஞாயிறு பூசையை விட்டவரல்ல. தேவதிரவிய அனுமானங்களைப் பெறாமல் வருஷக்கணக்காய் இருந்தார். ஆனால் பூசைக்குப் போனார். அணைந்துபோகாத அந்தத் திரியில் பிற்பாடு சர்வேசுரன் நெருப்பு ஏற்றினார்.

மதுக்கடை வாசலில் பிறந்த தீர்மானம்

1884-ம் ஆண்டு, அவருக்கு 28 வயது. ஒரு வாரமாக வேலைக்குப் போகாததால் கையில் காசில்லை. சனிக்கிழமை கூலி வாங்கி வருகிற தோழர்கள் தம்மைக் கூப்பிட்டு வாங்கிக் கொடுப்பார்கள் என்று நம்பி மதுக்கடை அருகே காத்து நின்றார். தம்மிடம் பணமிருந்தபோதெல்லாம் அவர்களுக்கு வாரி இறைத்தவர் அவர். ஒவ்வொருவராய் வந்தார்கள், கடந்து போனார்கள். ஒருவனும் கூப்பிடவில்லை.

இது அவர் நெஞ்சில் ஈட்டி போல் பாய்ந்தது. நேரே வீட்டுக்குத் திரும்பினார். பகல் நேரத்தில் தெளிந்த புத்தியோடு வந்த மகனைக் கண்டு தாயார் ஆச்சரியப்பட்டார். குடியை விடுவதாகப் பிரதிக்கினை செய்யப் போகிறேன் என்று மகன் சொன்னபோது, அந்தத் தாயார் கேலி செய்யவில்லை. பழைய கணக்கையும் எடுக்கவில்லை. காப்பாற்றும் கருத்தில்லாவிட்டால் செய்யாதே என்று மட்டும் எச்சரித்து, தேவ ஆசீர் கூறி அனுப்பினார். மாட் கிளான்லிப் என்ற இடத்திலுள்ள திருச்சிலுவைக் குருமடத்துக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். மதுவை முற்றிலும் விலக்குவதாகப் பிரதிக்கினையும் செய்தார்.

எவ்வளவு காலத்துக்கு? மூன்று மாதத்துக்கு.

இதை நாம் நிதானித்துக் கவனிக்கவேண்டும். வாரத்துக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்று அவர் கோப்பைக்கு அளவு வைக்கவில்லை. கோப்பையை முற்றிலும் ஒதுக்கினார். காலத்துக்குத்தான் அளவு வைத்தார். மூன்று மாதம் முடிந்ததும் ஆறு மாதத்துக்குப் புதுப்பித்தார். அதன்பிறகே ஆயுள் முழுவதற்கும் பிரதிக்கினை செய்தார். 1925-ல் மரிக்கும்வரை, 41 வருஷம், அவர் மதுவைத் தொடவில்லை.

அந்த முதல் மூன்று மாதம் சுலபமாய்க் கழிந்தது என்று நினைக்கவேண்டாம். இது என்னால் ஆகாது, தவணை முடிந்ததும் மறுபடியும் குடிப்பேன் என்று தாயாரிடமே அவர் சலித்துக்கொண்டதுண்டு. வேலை முடிந்த மாலை வேளைதான் அவருக்கு மிகவும் ஆபத்தான வேளை. பழைய தோழர்கள் மதுக்கடைக்குப் போகிற அந்நேரத்தில் அவர் தெருத்தெருவாய் நடந்து, ஏதாவதொரு கோவிலில் நுழைந்து, திவ்விய நற்கருணைக்கு முன் உட்கார்ந்திருப்பார். காலையில் ஐந்து மணிப் பூசை கண்டு வேலைக்குப் போவார்.

ஒருநாள் சட்டைப்பையில் காசோடு போனவர், சோதனைக்கு இணங்கி மதுக்கடைக்குள் நுழைந்தே விட்டார். பரிமாறுகிறவன் மற்ற வாடிக்கைக்காரரைக் கவனிப்பதில் மும்முரமாயிருந்து இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சற்று நேரம் நின்ற மாட், மனம் மாறி வெளியேறிக் கோவிலுக்குள் போய் அடைக்கலம் புகுந்தார். அன்றுமுதல் கையில் பணம் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பதில்லை என்று ஏற்பாடு செய்துகொண்டார். திடமான சித்தம் தமக்கு உண்டென்று அவர் பெருமை பாராட்டவில்லை. தம் பலவீனத்தை அறிந்து, அதற்குத் தக்க வேலி கட்டினார்.

அடியோடு விடவேண்டியது ஏன்?

மாட் நன்றாக வாசிக்கத் தெரியாத நிலையிலிருந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி ஞான நூல்களை வாசிக்கப் பழகினவர். அவர் விரும்பி வாசித்தவற்றுள் அர்ச். அகுஸ்தீனுடைய சங்கீர்த்தனங்கள் என்னும் நூலும் ஒன்று. அந்நூலில் நம் விஷயத்துக்குப் பொருத்தமான ஒரு சம்பவம் உண்டு.

அகுஸ்தீனுடைய தாயாராகிய அர்ச். மோனிக்கம்மாள் சிறுமியாயிருந்தபோது, பீப்பாயிலிருந்து திராட்சரசம் மொண்டு வரும்படி பெற்றோர் அவளை அனுப்புவார்கள். விளையாட்டாய் உதட்டை நனைத்தாள். தினமும் கொஞ்சம் கூடியது. கடைசியில் கோப்பை நிறையவே குடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் சண்டையில் வேலைக்காரப் பெண் அவளைக் குடிகாரி என்று ஏசிவிட்டாள். அந்தச் சொல் தைத்தது. சிறுமி அப்பழக்கத்தை உடனே விட்டுவிட்டாள். பின்னாளில் பெரியவளாய் வேதசாட்சிகளின் கல்லறைகளைச் சந்திக்கும்போது, அக்காலத்து வழக்கப்படி, தண்ணீர் கலந்த ஒரு சிறு கோப்பையோடு நிறுத்திக்கொள்வாள். அதையும் அர்ச். அம்புரோசியார் தடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது தடையின்றிக் கைவிட்டாள்.

ஆக, மோனிக்கம்மாளுக்கு அளவு சாத்தியமாயிற்று. மாட்டுக்கு ஏன் ஆகவில்லை? மோனிக்கம்மாளின் பழக்கம் வேர் பிடிக்குமுன் அறுக்கப்பட்டது. மாட்டின் பழக்கமோ சிறுவயதிலிருந்து 28 வயது மட்டும் சரீரத்திலும் மனதிலும் ஊறிப்போனது. அவர் முதல் கோப்பைக்கு முன் சுயாதீனமுள்ள மனிதன். முதல் கோப்பைக்குப் பின் சுயாதீனம் இழந்த மனிதன். அளவோடு குடிக்கிறவன் ஒவ்வொரு கோப்பையிலும் போதும் என்று தீர்மானிக்கவேண்டும். அந்தத் தீர்மானத்தைச் செய்யவேண்டிய புத்தியையே முதல் கோப்பை பறித்துக்கொள்ளுமானால், அளவு என்பது வெறும் பேச்சுத்தான். அடியோடு விடுகிறவனோ புத்தி தெளிவாயிருக்கும்போதே ஒரே தீர்மானம் செய்கிறான்.

அர்ச். தோமாஸ் அக்குயினாசும் இதைத் தெளிவாய்ப் பிரித்துக் காட்டுகிறார். மது அருந்துவது தன்னிலே விலக்கப்பட்டதல்ல என்பது அவர் போதனை. ஆயினும் குடிக்கிறவன் மதுவால் எளிதில் கெடுகிறவனாயிருந்தாலும், குடிப்பதில்லையென்று வார்த்தைப்பாடு கொடுத்தவனாயிருந்தாலும், குடிக்கிற விதத்தில் அளவு மீறினாலும், பிறருக்கு அது இடறலானாலும், அது விலக்கப்பட்டதாகிவிடும். ஆகவே குடிக்கு அடிமையானவன் அடியோடு விடுவது மட்டசனத்துக்கு மாறானதல்ல. அவன் வரையில் அதுவே மட்டசனம். முதல் கோப்பை அவனுக்குப் பாவத்தின் அடுத்த சமயம். பாவ சமயங்களை விலக்குவதாக நாம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதெல்லாம் பிரதிக்கினை செய்கிறோமல்லவா?

அயர்லாந்து தேசத்தாரும் இதை அனுபவத்தால் கற்றார்கள். 1829-ல் அங்கே தொடங்கிய முதல் மிதபான சங்கங்கள் விஸ்கி போன்ற கடும் மதுவை மாத்திரம் விலக்கி, பீரையும் திராட்சரசத்தையும் மிதமாய் அருந்த அனுமதித்தன. 1838-ல் கார்க் நகரத்துக் கப்புச்சின் குருவாகிய தியோபால்ட் மத்தேயு சுவாமியார் முழுவிலக்குப் பிரதிக்கினையைக் கொடுக்கத் தொடங்கினார். லட்சக்கணக்கானவர்கள் திரண்டு வந்து பிரதிக்கினை செய்தார்கள். ஆனால் பெரும் பஞ்சத்துக்கும், 1856-ல் நேர்ந்த அவருடைய மரணத்துக்கும் பின் அந்த எழுச்சி தளர்ந்தது. கூட்டத்தில் கை உயர்த்துவது ஒன்று. தினந்தோறும் காப்பாற்றுவது வேறு. அதே 1856-ல் பிறந்த மாட், ஒரு குருவின் முன் தனியாய் முழந்தாளிட்டு, மூன்று மாதத் தவணையில் ஆரம்பித்தார். அது நிலைத்தது.

வெற்றிடத்தை நிரப்பினவர்

மதுவை விட்டதோடு மாட் நிற்கவில்லை. பழைய கடன்களைக் கணக்கிட்டு ஒவ்வொரு மதுக்கடையிலும் திருப்பிக் கொடுத்தார். தூஷணமான பேச்சை ஒழிக்கச் சட்டைக் கையில் இரண்டு குண்டூசிகளைச் சிலுவையாகக் குத்தி வைத்துக்கொண்டார். புகைபிடிப்பதையும் விட்டார். 1890-ல் அர்ச். பிராஞ்சீஸ்கு அசிசியாரின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து செபித்தார்; பலகையில் படுத்தார்; காய்ந்த ரொட்டியும் பால் சேராத கொக்கோவும் அவருக்கு வழக்கமான ஆகாரம். சரீரத்தில் சங்கிலி அணிந்திருந்தது மரணத்துக்குப் பின்தான் தெரியவந்தது. இவை ஞானகுருவின் நடத்துதலோடு அவர் செய்த தபசு. நாம் அவரைக் கண்டுபாவிக்கவேண்டியது இவற்றில் அல்ல.

அவர் உலகத்தை வெறுத்த மனிதருமல்ல. மரக்கிடங்கில் பல வருஷம் கூலி வேலை செய்தார். 1913-ல் டப்ளின் தொழிலாளர் பெரும் போராட்டத்தில் தோழர்களோடு நின்று, தமக்குக் கிடைத்த சங்கப் பணத்தைப் பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார். குடியை விட முடியாதவர்களைக் கடுமையாய்த் தீர்க்கவேண்டாமென்று தம் சகோதரியைக் கேட்டுக்கொண்டார். அதன் கஷ்டம் எவ்வளவென்று அவருக்குத் தெரியும்.

கடைசி வருஷங்களில் இருதய நோயும் சிறுநீரக நோயும் அவரை வேலைக்குப் போகவிடாமல் தடுத்தன. 1925-ம் ஆண்டு ஜூன் மாதம் 7-ந் தேதி, தமத்திரித்துவத் திருநாள் ஞாயிறன்று, அர்ச். சாமிநாதர் சபையாரின் கோவிலுக்குப் பூசை காணப் போகும் வழியில், கிரான்பி சந்தில் விழுந்து உயிர்விட்டார். அவரை அடையாளம் சொல்ல அங்கே ஒருவருமில்லை. திவ்விய நற்கருணைத் திருநாளாகிய வியாழக்கிழமையன்று சரீரம் கிளாஸ்நெவின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. தெருவில் அநாதையைப் போல் கிடந்த அந்தக் கூலிக்காரருக்கு 1975-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி பரிசுத்த பாப்பானவர் 6-ம் சின்னப்பர் வந்தனைக்குரியவர் என்ற பட்டம் அளித்தார். இப்போது அவர் சரீரம் டப்ளின் லூர்து மாதா கோவிலில் இருக்கிறது. குடியிலிருந்து மீள விரும்புகிறவர்கள் அங்கே போய் மன்றாடுகிறார்கள்.

நாம் செய்யவேண்டியது

முதலாவது, அளவாய்க் குடித்துப் பார்க்கிறேன் என்று பலமுறை முயன்று தோற்றவர்கள், அந்தத் தோல்வியையே சாட்சியாகக் கொள்ளவேண்டும். பழக்கம் இன்னும் முற்றாதவர்களுள் சிலர் குறைத்துக்கொண்டு நிற்கக் கூடும் என்று வைத்தியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அடிமைப்பட்டுப் போனவர்களுக்கு முழுவிலக்கே பத்திரமான வழி என்பதும் அவர்கள் சொல்வதே. ஆயுள் முழுவதும் என்று நினைத்தால் மனம் மலைக்கும். ஆகையால் மூன்று மாதம் என்று தொடங்குங்கள். அதுவும் பெரிதானால் இன்று ஒருநாள் என்று தொடங்குங்கள். மாட் மரித்துப் பத்து வருஷத்துக்குப் பின், 1935-ல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் குடியால் கெட்ட இரண்டு பேர் சேர்ந்து தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டுறவும் முழுவிலக்கை ஒவ்வொரு நாளாகவே கைக்கொள்ளச் சொல்கிறது. அந்தக் கூட்டங்கள் நம் நாட்டிலும் நடக்கின்றன.

இரண்டாவது, ஓர் எச்சரிக்கை. நெடுங்காலம் மிகுதியாய்க் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, புத்தி மாறாட்டம் முதலியவை உண்டாகலாம். உயிருக்கே ஆபத்தும் நேரலாம். ஆகையால் வைத்தியரைக் கண்டு, அவர் மேற்பார்வையில் நிறுத்தவேண்டும். வைத்தியசாலைக்குப் போவது விசுவாசக் குறைவல்ல. மருந்தும் தேவ இஷ்டப்பிரசாதமும் ஒரே சர்வேசுரனிடமிருந்து வருகின்றன.

மூன்றாவது, அளவோடு இருக்கத் தெரிந்தவர்களுக்கும் ஒரு கடமையுண்டு. 1898-ல் சேசு சபைக் குருவாகிய ஜேம்ஸ் கல்லன் சுவாமியார், மாட் தினமும் செபித்த அதே கார்டினர் வீதிக் கோவிலில், திருஇருதய ஆண்டவருக்குத் தோத்திரமாய் முழுவிலக்குச் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார். அதில் முதன்முதல் சேர்ந்த நான்கு பெண்கள் குடிகாரரல்ல. குடியால் கெடுகிறவர்களுக்காகத் தங்களுக்குச் சுயாதீனமாயிருந்ததை ஒறுத்துப் பலியாக்கினவர்கள். கலியாணத்திலோ விருந்திலோ, விட்டவன் ஒருவன் இருக்கும் பந்தியில், ஒரே ஒரு கோப்பைதானே என்று அவனை வற்புறுத்துகிறவன் அவன் ஆத்துமத்துக்கு உத்தரவாதி. திருச்சபை நமக்கு எவ்வளவு நல்ல தாய் என்று பாருங்கள்: மதுவால் ஆபத்துள்ள குருக்கள் தங்கள் மேற்றிராணியாரின் உத்தரவு பெற்று, புளிக்கத் தொடங்கியும் மேற்கொண்டு புளிக்காதபடி நிறுத்தப்பட்ட திராட்சச்சாற்றைக் கொண்டு பூசை செய்ய அனுமதிக்கிறது. பீடத்திலேயே பலவீனனுக்கு இடம் கொடுக்கிற தாய், நம் சாப்பாட்டு மேசையில் இடம் கொடுக்கச் சொல்வது அதிகமா?

நான்காவது, தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் ஒரு வார்த்தை. எலிசபெத் அம்மாளைப் போல், திரும்பி வருகிறவனைப் பரிகாசம் பண்ணாதிருங்கள். பொய்ப் பிரதிக்கினைக்கும் தூண்டாதிருங்கள். தவறி விழுந்தவன் மறுபடியும் வந்தால், பாவசங்கீர்த்தனத் தொட்டி மூடியிருப்பதில்லை.

இவ்வாரம் நம் குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை, நம் பங்கில் இந்த நுகத்தின்கீழ் துன்பப்படுகிறவர்களுக்காக ஒப்புக்கொடுப்போம். பிரதிக்கினை செய்ய மனமுள்ளவர்கள் சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தன நேரத்தில் வரலாம். ஆயுள் முழுமைக்கும் செய்யும்படி ஒருவரையும் கட்டாயப்படுத்தமாட்டோம். மூன்று மாதம் போதும். மாட் டால்பட் அவ்விதமே தொடங்கினார். சேசுவின் திருஇருதயம் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பதாக.